ஸ்பாரிங்கில் விழுந்தவர் சண்டையிலும் விழுவாரா? டோக்கியோ முதல் லாஸ் வேகாஸ் வரை

1990 ஜனவரி பிற்பகுதியில், டோக்கியோவில் நடந்த ஒரு ஸ்பாரிங்கில் (சண்டைக்கு முந்தைய பயிற்சி மோதல்) குத்துச்சண்டையின் உலக ஹெவிவெயிட் சாம்பியன் மைக் டைசன் கீழே விழுந்தார். பஸ்டர் டக்ளஸுடனான சண்டைக்கு மூன்று வாரம்கூட இல்லாத நேரம். வீழ்த்தியவர் கிரெக் பேஜ். 1984ல் கெர்ரி கூட்ஸியை ஜெயித்து, உலகப் பட்டம் தரும் அமைப்புகளில் ஒன்றான டபிள்யூபிஏவின் ஹெவிவெயிட் பட்டம் வாங்கியவர். அந்த உச்சமெல்லாம் முடிந்து, டைசனுக்கு ஸ்பாரிங் பார்ட்னராகச் சம்பளத்துக்கு வந்திருந்தார். விழுந்ததைப் பத்திரிகையாளர்கள் நேரில் பார்த்தார்கள். மறுநாள் உலகமெங்கும் செய்தி போனது.

பிப்ரவரி 11 அன்று டோக்கியோ டோமில் டக்ளஸ் டைசனைப் பத்தாவது சுற்றில் நாக் அவுட் செய்தார். அன்றிலிருந்து இன்றுவரை, ஒரு பெரிய சண்டைக்கு முன்னால் "கேம்ப்பில் அவர் விழுந்துவிட்டாராம்" என்று யாராவது ஆரம்பித்தால், கேள்வி கேட்பவர் வாயை அடைக்க இந்தச் சம்பவம்தான் வந்து நிற்கும். டைசன் விஷயத்தில் பலித்ததே என்பார்கள்.

பலித்தது உண்மைதான். ஆனால் பலித்தது எது? பேஜின் அந்த ஒரு குத்தா, அதைச் சுற்றி நடந்துகொண்டிருந்த வேறு பலவா? இதைப் பிரித்துப் பார்க்காமல் ஸ்பாரிங் வதந்தியை நம்புவதும் தப்பு, தள்ளுவதும் தப்பு. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யார் விழுந்தார் என்கிற தகவலுக்குச் சண்டையின் முடிவைச் சொல்லும் சக்தி கிட்டத்தட்ட இல்லை. அந்தத் தகவல் யார் வாயிலிருந்து வந்தது, வந்ததால் யாருக்கு லாபம், அதே சமயத்தில் கேம்ப்பில் வேறு என்ன மாறியிருந்தது என்பவற்றுக்கு இருக்கிறது.

டோக்கியோவில் என்ன இருந்தது

டைசனுக்கு அப்போது 23 வயது. 37 சண்டை, 37 வெற்றி, அதில் 33 நாக் அவுட். 1988 ஜூனில் மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 வினாடியில் முடித்தவர். அதே ஆண்டு மார்ச்சில் இதே டோக்கியோ டோமில் டோனி டப்ஸை இரண்டாவது சுற்றில் வீழ்த்திவிட்டுப் போயிருந்தார். ஆக, ஊர் புதிதில்லை, அரங்கம் புதிதில்லை.

மாறியிருந்தவை வேறு. டைசனை உருவாக்கிய கஸ் டமாட்டோ 1985லேயே இறந்துவிட்டார். டமாட்டோவின் வழியில் டைசனைத் தொடர்ந்து பயிற்றுவித்த கெவின் ரூனி 1988 இறுதியில் நீக்கப்பட்டார். தலையை ஓயாமல் ஆட்டி, எதிராளியின் ஜாபுக்கு (முன்னால் நிற்கும் கையால் நேராக நீட்டும் குத்து) அடியில் புகுந்து, சரமாரியாகக் குத்துகிற அந்தப் பாணியை ஒவ்வொரு நாளும் பிடிவாதமாகக் கேட்டு வாங்கியவர் ரூனி. அவர் போன பிறகு டைசனின் தலை ஒரே இடத்தில் நிற்கத் தொடங்கியது, தொடர் குத்துகள் ஒற்றைக் குத்துகளாகக் குறைந்தன. இதைப் பார்க்க ரகசியக் கதவு எதுவும் தேவைப்படவில்லை. 1989ல் நடந்த சண்டைகளின் ஒளிப்பதிவே போதும். பிப்ரவரியில் ஃபிராங்க் புரூனோகூட முதல் சுற்றிலேயே ஒரு இடது கைக் குத்தால் டைசனைத் தடுமாற வைத்தார்.

ஜப்பானில் இறங்கியபோது எடை மிகக் கூடியிருந்ததையும், பயிற்சியைவிட மற்ற விஷயங்களில்தான் பொழுது போனதையும், டக்ளஸை ஒரு பொருட்டாகவே எண்ணவில்லை என்பதையும் டைசனே பின்னாளில் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். எடை மேடையில் 220½ பவுண்டு காட்டியது. அவரைப் பொறுத்தவரை அது பயங்கரமான எடை இல்லை. ஆனால் அந்த எடைக்கு வந்த விதம் முக்கியம். கடைசி வாரங்களில் கொழுப்பை இறக்குவதற்காக ஓடுகிறவர் சண்டைக்குத் தயாராவதில்லை, தராசுக்குத் தயாராகிறார்.

இந்தப் பின்னணியில் பேஜின் குத்தை வைத்துப் பாருங்கள். பேஜ் உயரமானவர், கை வேகமானவர், ஒரு காலத்தில் சாம்பியன். அப்படிப்பட்டவரிடம் ஒரு குத்து வாங்கி விழுவதில் அவமானம் இல்லை. ஆனால் உயரமான, நீளக் கைகொண்ட, ஜாபுக்குப் பின்னால் வலது கையை நேராக இறக்கத் தெரிந்த ஒருவர் அன்றைய டைசனைத் தொட முடிகிறது என்பது அங்கே தெரிந்தது. டக்ளஸின் கை வீச்சு 83 அங்குலம், டைசனுடையது 71. பேஜ் காட்டியது அந்த வாசல் திறந்திருக்கிறது என்பதை. வாசல் திறந்திருப்பதும் ஒருவர் அதில் நுழைவதும் ஒன்றில்லை.

டக்ளஸ் நுழைவார் என்று நினைக்க அன்று யாருக்கும் காரணம் இருக்கவில்லை. திறமைசாலிதான், ஆனால் பாதியில் கைவிடுகிறவர் என்கிற பெயர் அவருக்கு இருந்தது. 1987ல் டோனி டக்கருக்கு எதிராக, ஐபிஎஃப் என்கிற இன்னொரு அமைப்பின் பட்டச் சண்டையில் நன்றாகப் போய்க்கொண்டிருந்தவர் பத்தாவது சுற்றில் குலைந்துபோனார். இந்த முறை அவருக்குள் மாறியது எந்த ஸ்பாரிங் செய்தியிலும் வரவில்லை. சண்டைக்கு 23 நாள் முன்பு அவருடைய தாய் லூலா பேர்ல் இறந்துபோனார். மனைவி பிரிந்து போயிருந்தார். இத்தனையும் மனதில் இருக்கும்போது சண்டையைத் தள்ளிப்போட்டிருந்தால் ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் போனார். பேஜ் டைசனை வீழ்த்திய செய்தியைவிட, துக்கத்தோடு ஒருவர் விமானம் ஏறிய செய்திதான் கனமானது என்று எனக்குத் தோன்றுகிறது. அன்றைக்கு அதை அப்படிப் படித்தவர்கள் மிகக் குறைவு.

பந்தயச் சந்தை என்ன செய்தது? லாஸ் வேகாஸின் மிராஜ் ஓட்டலில் ஜிம்மி வக்காரோ இந்தச் சண்டைக்கு விலை போட்டார். பெரும்பாலான இடங்கள் போடவே முன்வரவில்லை. மிராஜில் தொடங்கியபோது டக்ளஸுக்கு 27க்கு 1 (அவர் ஜெயித்தால் ஒரு டாலருக்கு 27 டாலர்), கடைசியில் 42க்கு 1. பேஜ் வீழ்த்திய செய்தி அதற்குள் ஊரெல்லாம் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் சண்டை நாளன்று டக்ளஸுக்கு 42க்கு 1தான். வரலாற்றில் மிகப் புகழ்பெற்ற ஸ்பாரிங் செய்தி, அது பலித்த ஒரே பெரிய சந்தர்ப்பத்தில், யாரையும் அசைக்கவில்லை.

எட்டாவது சுற்றின் கடைசி வினாடிகள்

சண்டையையே கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். முதல் சுற்றிலிருந்தே டக்ளஸின் ஜாப் டைசனின் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. ஐந்தாவது சுற்று வாக்கில் டைசனின் இடது கண் வீங்கி மூடத் தொடங்கியது. அப்படி வீங்கும்போது கார்னரில், அதாவது சுற்றுகளுக்கு நடுவே வீரரைக் கவனிக்கும் குழுவில், உள்ளவர்கள் குளிரூட்டிய ஒரு சிறிய உலோகக் கட்டியை வைத்து அழுத்துவார்கள். காயத்தைக் கவனிக்கும் கட்மேனின் பெட்டியில் முதலில் இருக்க வேண்டிய பொருள் அது. ஏரன் ஸ்னோவெல்லும் ஜே பிரைட்டும் இருந்த டைசனின் கார்னரில் அது இல்லை. ஒரு ரப்பர் கையுறையில் ஐஸ் தண்ணீர் நிரப்பி, முனையை முடிந்து, அதைக் கண்ணில் வைத்து ஒற்றினார்கள். உலகச் சாம்பியனின் கார்னர் அது! தொலைக்காட்சியில் அந்தத் தொளதொள கையுறையைப் பார்க்கும்போது, ரூனி போன பிறகு அங்கே என்ன குறைந்துபோனது என்பது கண்ணுக்கே தெரிகிறது.

இவ்வளவுக்கும் நடுவில், எட்டாவது சுற்று முடியச் சில வினாடி இருக்கும்போது டைசனின் வலது அப்பர்கட் (கீழிருந்து மேலே தாடையை நோக்கி வரும் குத்து) ஒன்று டக்ளஸைத் தரையில் தள்ளியது. நடுவர் ஆக்டாவியோ மெய்ரான் எண்ணினார். டக்ளஸ் ஒன்பதுக்கு எழுந்தார். ஆனால் மெய்ரானின் எண்ணிக்கை, ரிங்குக்கு வெளியே நேரம் பார்ப்பவரின் எண்ணிக்கைக்குப் பின்தங்கியிருந்தது. டக்ளஸ் பத்து வினாடிக்கு மேல் தரையில் இருந்தார் என்று டைசன் பக்கப் புரமோட்டர் (சண்டை ஏற்பாட்டாளர்) டான் கிங் சண்டை முடிந்ததும் புகார் எழுப்பினார். சில நாள் டக்ளஸின் பட்டத்தை அங்கீகரிக்காமல் இழுத்தடித்த பிறகே உலக அமைப்புகள் இறங்கி வந்தன. விதிப்படி டக்ளஸ் பார்க்க வேண்டியது நடுவரின் விரலை மட்டுமே. அவர் அதைப் பார்த்துக்கொண்டே எழுந்தார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனாலும் இந்தச் சில வினாடிகள் நம் கேள்விக்கு ரொம்ப முக்கியம். மெய்ரான் கொஞ்சம் வேகமாக எண்ணியிருந்தால், அல்லது டக்ளஸின் தலை இன்னும் கொஞ்சம் கலங்கியிருந்தால், டைசன் எட்டாவது சுற்றில் நாக் அவுட்டில் வென்றதாகப் பதிவாகியிருக்கும். அப்புறம் கிரெக் பேஜ் யார் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஒன்பது சுற்று முடிவில் மூன்று நீதிபதிகளின் கணக்கும் ஒன்றாக இல்லை: ஒருவர் டக்ளஸுக்கு 88-82, ஒருவர் டைசனுக்கு 87-86, ஒருவர் 86-86 சமம். பத்தாவது சுற்றில் ஒரு அப்பர்கட்டும் அதைத் தொடர்ந்த நாலைந்து குத்துகளும் எல்லாவற்றையும் முடித்துவைத்தன. டைசன் தரையில் தவழ்ந்து பல்கவசத்தைத் தேடி, ஒரு நுனியை வாயில் கவ்வியபடி எழ முயன்ற காட்சியை மறக்க முடியாது. ஆனால் வீழ்ச்சியை முன்பே சொல்லிவிட்ட வதந்தி என்று பேஜின் குத்துக்கு நாம் கொடுக்கிற மரியாதை, எட்டாவது சுற்றின் அந்தச் சில வினாடிகளில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

ஸ்பாரிங் எதற்கு நடக்கிறது

வெளியிலிருந்து பார்ப்பவர் ஸ்பாரிங்கை ஒரு குட்டிச் சண்டையாக நினைத்துக்கொள்கிறார். உள்ளே இருப்பவர்களுக்கு அது வேலை. ஹெவிவெயிட் சண்டையில் 10 அவுன்ஸ் கையுறை என்றால் ஸ்பாரிங்கில் 16, 18 அவுன்ஸ். தலையில் ஹெட்கியர். ஹெட்கியர் வெட்டுக்காயத்தைத் தடுக்கும், பக்கப் பார்வையையும் கொஞ்சம் மறைக்கும். சண்டையில் பார்த்து விலகியிருக்கக்கூடிய குத்து அங்கே பட்டுவிடலாம். பெரிய பெயர் கொண்டவர் எட்டுச் சுற்று, பத்துச் சுற்று தொடர்ந்து நிற்பார். எதிரே இரண்டு மூன்று சுற்றுக்கு ஒருமுறை புது ஆள் இறங்குவார். காலையில் ஓடிவிட்டு, எடை குறைக்கச் சாப்பாட்டையும் குறைத்துக்கொண்டு ஒருவர். நல்ல தூக்கம் தூங்கி, சாம்பியனிடம் தன் பெயரைக் காட்டத் துடிக்கிற இளைஞர் இன்னொருவர்.

அதற்கு மேல் பயிற்சியாளரின் உத்தரவு இருக்கும். இன்று வலது கையே வேண்டாம், ஜாப் மட்டும். இந்தச் சுற்று முழுக்கக் கயிற்றில் சாய்ந்து நில். இன்று உள்ளே போய் உடம்புக்கு மட்டும் அடி. அந்த உத்தரவு தெரியாமல், சுற்றை யார் ஜெயித்தார் என்று கணக்குப் போடுவதில் ஒரு பொருளும் இல்லை.

அப்புறம், இதை வெளியே சொல்பவர் யார் என்று பாருங்கள். ரகசியம் காக்கக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஸ்பாரிங் பார்ட்னர், வேலையிலிருந்து அனுப்பப்பட்ட பார்ட்னர், டிக்கெட் விற்க வேண்டிய புரமோட்டர், எதிர் முகாமை யோசிக்க வைக்க விரும்பும் பயிற்சியாளர். நேரில் பார்த்து, எந்தப் பக்கமும் சாயாமல், சொல்லவும் அனுமதி உள்ள ஒருவர் இந்தப் பட்டியலில் அபூர்வம். டோக்கியோவில் அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள், கதவு திறந்திருந்ததால். பேஜ் விஷயத்தின் தனித்தன்மை அதுதான். அதை வதந்தி என்று சொல்வதுகூடச் சரியில்லை, அது செய்தி. டைசன் முகாமுக்கு நஷ்டமான செய்தி, மறைக்க முடியாமல் வெளியே வந்தது.

லாஸ் வேகாஸ், 2017: தரையில் ஒருவர் உட்கார்ந்திருக்கும் புகைப்படம்

இதற்கு நேர் எதிரான சம்பவம் ஃபிளாய்ட் மேவெதர், கானர் மக்ரெகர் சண்டை. 2017 ஆகஸ்ட் 26, டி மொபைல் அரீனா. மேவெதருக்கு 40 வயது, 49 சண்டைகளில் தோல்வியே இல்லை, ஆனால் 2015 செப்டம்பருக்குப் பிறகு ரிங்கில் ஏறவில்லை. மக்ரெகர் யுஎஃப்சி (குத்து, உதை, மல்யுத்தம் கலந்த சண்டைப் போட்டி) சாம்பியன். தொழில்முறைக் குத்துச்சண்டையில் ஒரு சண்டைகூட ஆடியதில்லை.

மக்ரெகர் கேம்ப்புக்கு பாலி மலினாஜி ஸ்பாரிங் செய்ய வந்தார். 140, 147 பவுண்டு எடைப் பிரிவுகள் இரண்டிலும் உலகப் பட்டம் வைத்திருந்தவர், அந்த ஆண்டு மார்ச்சில்தான் சாம் எகிங்டனிடம் தோற்று ஒதுங்கியவர். ஆகஸ்ட் தொடக்கத்தில் ஒரு புகைப்படம் வெளியானது. மலினாஜி தரையில், மக்ரெகர் நிற்கிறார். உடனே கதை பரவியது: உலகச் சாம்பியனாக இருந்தவரையே மக்ரெகர் வீழ்த்திவிட்டார், மேவெதருக்கும் இதே கதிதான்.

மலினாஜி கேம்ப்பை விட்டு வெளியேறினார். அது குத்தில்லை, தள்ளியதில் விழுந்தேன் என்றார். முழு ஒளிப்பதிவையும் வெட்டாமல் வெளியிடுங்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். யுஎஃப்சி தலைவர் டேனா ஒயிட் வெளியிட்டது சில வினாடித் துண்டுகளை மட்டும். அவற்றில் மக்ரெகர் குத்துகிறார், மலினாஜி விழுகிறார். குத்தா, தள்ளலா என்று பார்த்தவர்கள் அவரவர் விருப்பப்படி தீர்மானித்துக்கொண்டார்கள். இருவரும் செய்த 12 சுற்றின் முழுப் பதிவு சண்டைக்கு முன் வெளிவரவே இல்லை.

என் பார்வையில், குத்தா தள்ளலா என்கிற விவாதமே தவறான இடத்தில் நடந்தது. குத்து என்றே வைத்துக்கொள்வோம். ஓய்வு பெற்ற, எடையில் சிறிய, நடுவயதை நெருங்கும் ஒருவரைப் பெரிய உடம்புக்காரர் ஒருவர் ஒரு தடவை வீழ்த்துவது மேவெதரைப் பற்றி என்ன சொல்கிறது? மக்ரெகரின் இடது கைக்கு வலு உண்டு என்பது எல்லாருக்கும் முன்பே தெரியும். தெரியாதது ஒன்றே ஒன்றுதான்: ஆறு, ஏழு, எட்டாவது சுற்றில் அவர் எப்படி இருப்பார்? அதற்கான பதில் அந்த 12 சுற்று ஒளிப்பதிவில் இருந்தது. அந்தப் பகுதியைத்தான் அவர்கள் காட்டவில்லை.

காட்டுவதா வேண்டாமா என்று முடிவெடுத்தவருக்கு லாபம் எதில் என்று பாருங்கள். தொலைக்காட்சியில் காசு கட்டிப் பார்க்கிற சண்டை. ஜெயிக்க வாய்ப்பே இல்லாதவரின் சண்டையை யார் காசு கொடுத்துப் பார்ப்பார்கள்? மலினாஜி தரையில் இருக்கும் படம் அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கும் விளம்பரமாக வேலை செய்தது. பந்தய விலையும் தொடக்கத்தில் இருந்த இடைவெளியிலிருந்து இறங்கி இறங்கி, சண்டை நெருங்கியபோது மக்ரெகருக்கு ஏறக்குறைய 4க்கு 1 என்று வந்து நின்றது. அந்த ஒரு படமே காரணம் என்று சொல்ல மாட்டேன். மக்ரெகர் ரசிகர்களின் பணம் முன்பிருந்தே கொட்டிக்கொண்டிருந்தது. படம் அவர்களுக்குத் தெம்பு கொடுத்தது. டக்ளஸுக்கு 42க்கு 1, வாழ்க்கையில் முதல் தொழில்முறைச் சண்டைக்கு ஏறுகிறவருக்கு 4க்கு 1. இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வதந்தி விலையை நகர்த்துவது அதன் உண்மையால் இல்லை, கேட்பவரின் ஆசையால் என்று தெரிகிறது.

சண்டை எப்படிப் போனது என்பது எல்லாருக்கும் தெரியும். முதல் மூன்று சுற்று மக்ரெகர் நன்றாகவே ஆடினார். மேவெதர் அவரைக் குத்த விட்டு, களைக்க விட்டு, நாலாவது சுற்றிலிருந்து முன்னால் நடக்கத் தொடங்கினார். பத்தாவது சுற்றில் 1 நிமிடம் 5 வினாடியில் நடுவர் ராபர்ட் பேர்ட் நிறுத்தினார். மேவெதர் வீசிய 320 குத்தில் 170 பட்டது. மக்ரெகர் 430 வீசி 111 பட்டது. மக்ரெகர் அன்று விழக்கூட இல்லை, நின்றபடியே சக்தி தீர்ந்துபோனார்.

கின்ஷாசாவில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்

1974ல் ஆப்பிரிக்காவின் கின்ஷாசாவில் நடந்த ஜார்ஜ் ஃபோர்மன், முகமது அலி சண்டையைச் சேர்க்காமல் இந்த விஷயத்தை முடிக்க முடியாது. செப்டம்பர் 25க்குக் குறித்த சண்டை அது. செப்டம்பர் 16 அன்று ஸ்பாரிங் பார்ட்னர் ஒருவரின் முழங்கை பட்டு ஃபோர்மனின் கண்ணுக்கு மேல் கிழிந்தது. சண்டை அக்டோபர் 30க்குத் தள்ளிப்போனது. காயம் பயமுறுத்தியது, ஆறியது, முடிவில் அதற்கு நேரடிப் பங்கு இருக்கவில்லை. (ஐம்பது வருடம் கழித்து, 2024 பிப்ரவரியில் டைசன் ஃப்யூரி என்கிற பிரிட்டிஷ் வீரருக்கும் அப்படியே ஸ்பாரிங்கில் கிழிந்து, உசிக்குடனான சண்டை மே மாதத்துக்குப் போனது. பயந்தபடி அந்தக் காயமும் சண்டையைத் தீர்மானிக்கவில்லை.)

அலி பக்கம்தான் சுவாரஸ்யம். அலி எப்போதுமே ஸ்பாரிங்கில் மோசமாகத் தெரிவார். கயிற்றில் சாய்ந்து, கைகளால் முகத்தை மூடி, லாரி ஹோம்ஸ் போன்ற இளம் பார்ட்னர்களைக் குத்த விட்டுவிட்டு நிற்பார். பார்த்தவர்கள் 32 வயது ஆகிவிட்டது, கால் போய்விட்டது என்றார்கள். இந்தப் பக்கம் ஃபோர்மன் குத்தும் கனத்த பையில் பள்ளம் விழுந்தது. அலியை ஜெயித்த ஃப்ரேசியரையும் நார்ட்டனையும் அவர் இரண்டிரண்டு சுற்றில் முடித்திருந்தார். பயிற்சி முகாமிலிருந்து வந்த ஒவ்வொரு தகவலும் உண்மை. எல்லாத் தகவலும் ஒரே திசையைக் காட்டின. எட்டாவது சுற்றில் விழுந்தவர் ஃபோர்மன்.

கயிற்றில் சாய்ந்தது முன்பே போட்ட திட்டமா, இரண்டாவது சுற்றில் அந்த நேரத்தில் தோன்றியதா என்று இன்றும் பேசுகிறார்கள். எதுவானாலும், அடி வாங்கியபடி மூச்சு விடவும் குத்தைத் தோளிலும் கையிலும் வாங்கிக் கரைக்கவும் அலியின் உடம்புக்கு ஸ்பாரிங் பழக்கியிருந்தது. பார்த்தவர்கள் சரிவு என்று குறித்துக்கொண்டது பயிற்சியைத்தான்.

ஆறு வருடம் கழித்து இது தலைகீழாக நடந்தது. 1980ன் தொடக்கத்தில் சென்னைக்கு வந்து தன் பழைய ஸ்பாரிங் கூட்டாளி ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை போட்டுவிட்டுப் போன அலி, அக்டோபரில் ஹோம்ஸை எதிர்கொண்டபோது மெலிந்து, முடி கறுத்து, இளமையாகத் தெரிந்தார். 217½ பவுண்டு. அழகாக இருக்கிறார் என்று எல்லோரும் சொன்னார்கள். எடை இறங்கியதில் தைராய்டு மாத்திரைக்குப் பங்கு இருந்தது, அது உள்ளே அவரை உறிஞ்சிவிட்டிருந்தது. பத்துச் சுற்றில் ஒன்றைக்கூட நீதிபதிகள் அலிக்குக் கொடுக்கவில்லை. அலியின் பயிற்சியாளர் ஆஞ்சலோ டண்டி சண்டையை நிறுத்தினார். அலியோடு எத்தனையோ சுற்று ஸ்பாரிங் செய்த ஹோம்ஸுக்கு அலியின் கைகளை உள்ளும் புறமும் தெரியும். ஸ்பாரிங்கில் கிடைக்கிற உண்மையான அறிவு அதுதான், அது அந்த இருவருக்குள்ளேயே இருக்கும். வெளியே கசிகிற வதந்தியில் அது வராது.

வராத வதந்தியும், பிறகு வந்த வதந்தியும்

2015 மே 2, மேவெதர், பாக்கியாவ் சண்டை. எத்தனையோ ஆண்டுகள் காத்திருந்த சண்டை. அதற்கு முன் இரண்டு கேம்ப்பையும் பற்றி வராத கதை இல்லை. ஆனால் முக்கியமான ஒன்று பரவலாக வெளியே வரவில்லை. பயிற்சியில் பாக்கியாவின் வலது தோளில் அடிபட்டிருந்தது. சண்டைகளை ஒழுங்குபடுத்தும் நெவாடா மாநிலக் கமிஷனுக்குக் கொடுத்த படிவத்தில் தோளில் காயம் உண்டா என்கிற கேள்விக்கு இல்லை என்று குறித்திருந்தார்கள். சண்டை இரவில் வலி ஊசி போட அனுமதி கேட்டபோது, முன்கூட்டித் தெரிவிக்கவில்லை என்று கமிஷன் மறுத்துவிட்டது. சில நாளில் அறுவை சிகிச்சை நடந்தது. முடிவோடு உண்மையிலேயே சம்பந்தம் இருந்திருக்கக்கூடிய தகவலைக் கேம்ப் கட்டிக் காத்துவிட்டது.

2019 ஜூனில் ஆண்டி ருயிஸ் ஆந்தனி ஜோஷ்வாவை நாலு தடவை வீழ்த்தி ஏழாவது சுற்றில் ஜெயித்தபோது நடந்தது வேறு. சண்டைக்கு முன் ஜோஷ்வாவைக் குறித்துப் பெரிதாகப் பேச்சு இல்லை. தோற்ற பிறகு, ஸ்பாரிங்கில் முன்பே விழுந்துவிட்டார், தலையில் அடி என்று கதைகள் கிளம்பின. ஜோஷ்வா மறுத்தார். முடிவு தெரிந்த பிறகு வருகிற இந்த மாதிரிக் கதைகள்தான் ஸ்பாரிங் வதந்திக்குப் பெரிய பெயர் வாங்கித் தருகின்றன. ஒவ்வொரு பெரிய சண்டைக்கும் இரண்டு பக்கத்திலும் நாலைந்து கதை இருக்கும். யாராவது ஒருவர் தோற்றே ஆக வேண்டும். தோற்றவரைப் பற்றிய கதையை எடுத்துத் தூசி தட்டி, அப்போதே சொன்னோமே என்கிறோம். ஜெயித்தவரைப் பற்றி வந்திருந்த கதையை யாரும் தேடுவதில்லை.

தராசு சொன்னது

அப்படியானால் முன்கூட்டி எதுவுமே தெரியாதா என்றால், தெரியும். டோக்கியோவுக்கு எட்டு மாதம் கழித்து, 1990 அக்டோபர் 25ல், டக்ளஸ் எவாண்டர் ஹோலிஃபீல்டை எதிர்கொண்டார். டைசனோடு மோதியபோது 231½ பவுண்டாக இருந்தவர், இப்போது எடை மேடையில் 246. சானாவுக்குள் (வியர்க்க வைக்கும் சூட்டறை) பீட்சா வரவழைத்துச் சாப்பிட்டார் என்று ஒரு கதை உண்டு. அந்தக் கதை தேவையே இல்லை. எண் எல்லார் முன்னாலும் நின்றது. அதைப் பார்த்துவிட்டு நேரே ஹோலிஃபீல்டின் மேல் பணம் கட்ட ஓடியவர்கள் உண்டு. மூன்றாவது சுற்றில் டக்ளஸ் ஒரு அப்பர்கட்டைத் தவறவிட்டார், ஹோலிஃபீல்டின் வலது கை வந்தது, அவ்வளவுதான்.

எடை, கார்னரில் யார் புதிது, கடைசியாக எப்போது ரிங்கில் ஏறினார், கமிஷனில் என்ன மனு கொடுத்தார்கள், முந்தைய இரண்டு சண்டையில் தலை அசைகிறதா நிற்கிறதா. இவற்றை யாரும் கசிய விடத் தேவையில்லை, எல்லாம் வெளிச்சத்தில் இருக்கின்றன. இவற்றோடு பொருந்தினால் ஸ்பாரிங் செய்தியை நான் காதில் வாங்குவேன். பேஜின் குத்து ரூனி இல்லாத கார்னரோடும் புரூனோ சண்டையோடும் பொருந்தியது, அதனால் அதற்கு எடை உண்டு. மலினாஜி படம் எதோடும் பொருந்தவில்லை.

கென்னடி கோலோவ்கினும் கனேலோ ஆல்வாரெஸும் 2011ல் கலிஃபோர்னியாவின் பிக் பேரில் ஸ்பாரிங் செய்தார்கள். இருவரும் உண்மையாக மோதும் நாள் நெருங்க நெருங்க, அன்று யார் கை ஓங்கியிருந்தது என்று இரண்டு தரப்பும் தங்கள் பக்கக் கதையைச் சொல்லின. 2017 செப்டம்பர் 16 அன்று பன்னிரண்டு சுற்று ஆடினார்கள். ரிங்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு குத்தையும் பார்ப்பதற்கென்றே நியமிக்கப்பட்ட மூவரில் டேவ் மொரெட்டி கோலோவ்கினுக்கு 115-113 கொடுத்தார், டான் ட்ரெல்லா 114-114 கொடுத்தார், அடலெய்ட் பேர்ட் கனேலோவுக்கு 118-110 கொடுத்தார். சண்டை டிரா.